காதில்லாத கோப்பை

டம்ளரில் காப்பி குடித்து வளர்ந்தவனுக்குக் காதில்லாத பாத்திரம் அதிசயமாகத் தோன்ற நியாயமில்லை. ஆகையால், டோக்கியோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், அலுவலக நண்பர் ஒருவர் தம் வீட்டில் உயரமான மண் கோப்பை ஒன்றில் ஆவி பறக்கத் தேநீர் ஊற்றி என் முன்னே வைத்தபோது, உடன் வந்திருந்த ஐரோப்பியர் அதை எங்கே பிடிப்பதென்று தெரியாமல் திகைத்ததையும், நான் மட்டும் பிறவி அனுபவசாலியைப் போல விளிம்பை இரண்டு விரலால் கவ்வி எடுத்து உறிஞ்சியதையும் எண்ணிக் கொஞ்சம் கர்வப்பட்டதுண்டு. எழுபது வயதைக் கடந்த நண்பரின் தாயார் சிரித்துக்கொண்டே அருகில் வந்து, என் இடது உள்ளங்கையை விரித்துக் கோப்பையின் அடியில் வைத்து, வலது கையை அதன் உடம்பைச் சுற்றி அணையச் செய்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். கோப்பை வாங்குவதற்குரிய இலக்கணம் முழுவதும் அந்த ஒரு நிமிஷத்துப் பாடத்தில் அடங்கியிருந்தது என்பது, தவறான கோப்பைகளுக்குப் பணம் கொடுத்து, இரண்டு வருஷத்தையும் செலவழித்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

அந்தக் கோப்பைக்கு யுனோமி என்று பெயர். ‘யு’ என்றால் வெந்நீர். ‘நோமி’ என்றால் குடிப்பது. அகலத்தைக் காட்டிலும் உயரம் சற்று மிகுந்து, வாய் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் குறுக்களவுள்ளதாய், 150 முதல் 200 மில்லிலிட்டர் வரையில் கொள்வதாய் இருப்பது அதன் பொது லட்சணம். மாச்சா என்னும் பச்சைத் தூளை மூங்கில் துடைப்பத்தால் கடைந்து குடிக்கும் வாயகன்ற கிண்ணம் வேறு. அதன் பெயர் ‘சாவான்’. தமிழ்க் காதில் அது அபசகுனமாக விழுந்தாலும், சென் நோ ரிக்யூ முதலிய பதினாறாம் நூற்றாண்டு ஆசாரியர்கள் வகுத்த தேநீர்ச் சடங்கும், பரம்பரைக் கீர்த்தியும், வீட்டை விற்றாலும் எட்டாத விலையும் அந்தக் கிண்ணத்தைச் சுற்றியே வளர்ந்தவை. யுனோமிக்கு அத்தகைய உபசாரம் ஒன்றுமில்லை. எழுந்தவுடன் கை தானாகத் தேடுகிறது, அலமாரியின் முன்வரிசையில் நிற்கிறது, கழுவிக் கவிழ்க்கப்படுகிறது, மறுபடியும் தேடப்படுகிறது. ஒரு வருஷத்தில் ஆயிரம் தடவையாவது உதட்டைத் தொடப்போகிற வஸ்துவை, கடைக்காரர் முகத்துக்காகவோ கண்ணுக்கு அழகாயிருப்பதற்காகவோ மட்டும் வாங்கலாகாது என்பது இன்றைக்கு என் அபிப்பிராயம். அன்றைக்கு அப்படியில்லை.

நான் முதலில் வாங்கியது ஹாகிக் கோப்பை. தேநீர்ப் பாத்திர ரஸிகர்கள் முதலிடம் ராக்குவுக்கு, இரண்டாமிடம் ஹாகிக்கு, மூன்றாமிடம் கராத்சுவுக்கு என்று நெடுங்காலமாகத் தரவரிசை சொல்லி வருவதை எங்கேயோ படித்துவிட்டு, முதலாவது என் சக்திக்கு அப்பாற்பட்டதாகையால் இரண்டாவதில் தொடங்குவோம் என்று தீர்மானித்தேன். இந்தக் கோப்பையின் வமிசாவளி யுத்தத்தில் தொடங்குகிறது. அந்நாளில் ஜப்பானை ஆண்ட தொயோதொமி ஹிதெயோஷி 1592 முதல் 1598 வரை கொரியாவின்மேல் இரண்டு முறை படையெடுத்தபோது, அங்கே சென்ற ஜப்பானியப் பிரபுக்கள் திரும்பி வருகையில் குயவர்களைக் குடும்பத்தோடு கொண்டுவந்தார்கள். அதனால் அந்தப் போருக்கு மட்பாண்டப் போர் என்ற பட்டப் பெயரே நிலைத்துவிட்டது. மோரி வமிசத்துப் பிரபுவின் ஆதரவில், இன்றைய யமகுச்சி மாகாணத்தில் உள்ள ஹாகி என்ற கோட்டை நகரில், அவ்வாறு வந்த கொரியச் சகோதரர் இருவர் சூளை அமைத்தார்கள். பிறந்த மண்ணைப் பிரிந்து வந்தவர்கள் கைக்குக் கிடைத்த மண்ணைப் பிசைந்து செய்த பாத்திரங்கள், சிறைகொண்டு வந்தவர்களின் நாட்டுக்கே பெருமையாகிவிட்டன என்பதை நினைக்கும்போது, எதிரே இருக்கும் தேநீர் சிறிது ஆறிப்போவதுண்டு.

ஹாகியின் களிமண் இளகியது. சூளையிலும் அது முற்றாக இறுகிக் கல்லாவதில்லை. மேலே பூசிய கண்ணாடிப் பூச்சு ஆறும்போது மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால், மயிரிழை போன்ற வெடிப்புகள் வலையாகப் பரவிவிடுகின்றன. அந்த வெடிப்புகளின் வழியே தேநீர் உள்ளே கசிந்து மண்ணில் ஊறி, வெளிறிய செம்மஞ்சளாக இருந்த கோப்பை வருஷக்கணக்கில் பழுப்பாகவும் பின்னும் ஆழ்ந்த நிறமாகவும் மாறிக்கொண்டே போகும். இதை ஹாகியின் ஏழு மாற்றங்கள் என்று சிலாகித்துச் சொல்வார்கள். என் கோப்பை எட்டாவது மாற்றம் ஒன்றையும் கண்டது. புதுக் கோப்பைக்குச் செய்ய வேண்டிய சம்ஸ்காரத்தை விவரித்து, வாங்கிய பெட்டிக்குள் ஜப்பானிய மொழியில் வைத்திருந்த காகிதத்தைப் படிக்கும் சிரமத்தை மேற்கொள்ளாமல், முதல் நாளே அதில் தேநீர் ஊற்றினேன். மேஜைமேல் ஈரவட்டம் படிந்தது. கழுவி, துடைத்து, ஈரம் வெளியே காணாததால் உலர்ந்துவிட்டது என்று நம்பி மூடிய அலமாரியில் வைத்துவிட்டு, ஜூன் மாதத்து மழைக்காலத்தில் ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பினால், கோப்பைக்குள் பூஞ்சணம் பச்சைப் பட்டு விரித்திருந்தது. கொதிக்க வைத்தும் வெயிலில் காயவைத்தும் அந்த வாசனை போகவில்லை. குற்றம் கோப்பையுடையதன்று.

அந்தக் காகிதத்தைப் பிற்பாடு நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது வெட்கமாகப் போயிற்று. புதுப் பாத்திரத்தை அரிசி களைந்த நீரில் மூழ்கவைத்து, சிறு தீயில் காய்ச்சி, அதே நீரிலேயே ஆறவிடு என்று எழுதியிருந்தது. மெதோமே என்று ஜப்பானியர் இதைச் சொல்கிறார்கள். கண்ணடைத்தல் என்று பொருள் கொள்ளலாம். கழுநீரில் உள்ள மாவுச்சத்து மண்ணின் நுண்துளைகளில் படிந்து அடைத்துவிடுவதால் கசிவும் கறையும் குறைகின்றன. புது மண்சட்டி வாங்கினால் கழுநீரை ஊற்றி வைத்துப் பழக்கிய பிறகே குழம்பு வைக்கும் வீட்டில் பிறந்து வளர்ந்தவன், அதே உபதேசத்தைக் கடல் கடந்து வந்து ஒரு கோப்பையை இழந்தபின் மொழிபெயர்த்துக் கேட்க வேண்டியிருந்தது.

சலித்துப்போய் அடுத்தபடியாக எதிர்க்கோடிக்கு ஓடினேன். அதாவது, எதையும் உறிஞ்சாத பீங்கானுக்கு. இதுவும் அதே யுத்தத்தின் சந்ததிதான்: யி சாம்-ப்யொங் என்ற கொரியக் குயவர் 1616ஆம் ஆண்டு வாக்கில் க்யூஷூ தீவில் அரிதாவுக்கு அருகே இசுமியாமா மலையில் பீங்கானுக்கு ஏற்ற கல்லைக் கண்டெடுத்தார் என்பது அவ்வூர் வரலாறு, அதை இடித்துக் குழைத்துச் செய்த வெண்ணிறப் பாத்திரங்கள் இமாரித் துறைமுகத்தின் வழியே டச்சுக் கம்பெனிக் கப்பல்களில் ஏறி ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போயின. மண் கோப்பையை நகத்தால் தட்டினால் ‘டொக்’ என்கிறது. அரிதாவைத் தட்டினால் மணி அடித்தாற்போல் ஒலிக்கிறது. வெள்ளை உட்புறத்தில் சென்சா என்னும் பச்சைத் தேநீரின் இளம் நிறம் அத்தனை தெளிவாகத் தெரிகையில், தேநீருக்கு நிறம் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது போலிருக்கும்.

நீலக்கொடி வரைந்த ஜோடிக் கோப்பைகளாக அவற்றை வாங்கினேன். ‘மெயோதோ’ என்று அந்த ஜோடிக்குப் பெயர், தம்பதிக் கோப்பைகள். கணவனுக்குப் பெரியது, மனைவிக்குச் சிறியது என்பது அவர்கள் வழக்கம். என் மனைவி இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டு, காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெரியதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வழக்கம் அதுவே.

சின்னக் கோப்பையோடு நான் சமாதானமாகியிருப்பேன். ஆனால் மாலையில் நான் குடிப்பது ஹோஜிசா, அதாவது வறுத்த தேயிலை. சென்சாவை 70, 80 டிகிரிக்கு ஆறிய நீரில் போடுகிறோம். ஆகவே மெல்லிய பீங்கானில் அது கையைச் சுடுவதில்லை. ஹோஜிசாவுக்கோ கொதிநீர் வேண்டும். அது வந்து விழுந்ததும் அரிதாக் கோப்பை தணலாகிவிடுகிறது. கையால் பிடிக்க முடியாத சூடு நாக்குக்கும் ஆகாது, ஆகவே காதில்லாத கோப்பை ஒரு வெப்பமானியும் ஆகிறது என்று ஜப்பானியர் சாதுரியமாக வாதிப்பார்கள். வாதம் சரிதான். எனினும் டிசம்பர் மாதத்து மாலையில், ரயிலடியிலிருந்து விறைத்த விரல்களோடு வீடு வந்து சேர்ந்தவனுக்கு, கோப்பை ஆறும் வரையில் மேஜைமேல் வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வெப்பமானியால் என்ன பிரயோஜனம்? கனத்த மண் சுவர் சூட்டை மெல்ல மெல்லக் கைக்குக் கொடுக்கிறது. குளிர் நாட்டில் தேநீரில் பாதி உபயோகம் அதுதான்.

பூச்சே இல்லாத பிஸென் கோப்பையை ஒரு நண்பர் சிபாரிசு செய்தார். செம்பைன் விறகில் ஒரு வாரத்துக்கு மேலாக எரித்து, சாம்பல் தானே உருகி எள் தூவினாற்போல் படியும் அந்தப் பாத்திரங்களை நான் வணங்குகிறேன். ஆனால் உதட்டில் சொரசொரப்பு எனக்கு ஒத்துவரவில்லை. அதில் பீர் ஊற்றினால் நுரை நேர்த்தியாக வரும் என்கிறார்கள். பீர் குடிப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த நிலையில்தான் மே மாத ஆரம்பத்து விடுமுறையில் மஷிகோவுக்குப் போனோம். டோக்கியோவுக்கு வடக்கே தொச்சிகி மாகாணத்தில், நெல் வயல்களுக்கு நடுவே உள்ள ஊர். இங்கே தேநீர் ஆசாரியர்கள் இல்லை. 1853இல் ஓத்சுகா கெய்சாபுரோ என்பவர் சூளை வைத்த நாளிலிருந்து தண்ணீர்ச் சாடிகளும், ஊறுகாய் ஜாடிகளும், தேநீர்க் கெண்டிகளும் செய்து தலைநகரின் அடுப்படிகளுக்கு அனுப்பி வயிறு வளர்த்த ஊர் இது. யொகோகாவா ரயில் நிலையத்தில் 1958 முதல் விற்கப்பட்டுவரும் பிரசித்தி பெற்ற சோற்றுப் பானை, பிரயாணிகள் தின்று முடித்துவிட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் அந்தச் சிறு மண்பானையும் மஷிகோச் சரக்குதான்.

இந்த அடுப்படி ஊருக்குப் புகழ் தேடித் தந்தவர் ஹமாதா ஷோஜி என்ற குயவர். 1920இல் ஆங்கிலக் குயவர் பெர்னார்டு லீச்சோடு இங்கிலாந்துக்குச் சென்று செயின்ட் ஐவ்ஸில் சூளை அமைக்கத் துணைநின்று, 1924இல் திரும்பியவர், கலைஞர்கள் கூடும் கியோத்தோவை விட்டுவிட்டு இந்த வயற்காட்டுக்கு வந்து சேர்ந்தார். அவரும், அழகியல் அறிஞர் யானகி சோயெத்சுவும், குயவர் கவாய் கஞ்சிரோவும் 1925இல் ‘மிங்கெய்’ என்ற சொல்லை உண்டாக்கினார்கள்: ஜனங்களின் கலை. பேர் தெரியாத கைவினைஞன், ஏராளமாக, மலிவாக, அன்றாட உபயோகத்துக்கென்று செய்த பொருளிலேயே நிஜமான அழகு குடியிருக்கிறது என்பது அவர்களுடைய சித்தாந்தம். அதற்கென்று 1936இல் டோக்கியோவில் கோமாபா என்ற பகுதியில் ஒரு அருங்காட்சியகமும் நிறுவினார்கள். மஷிகோவில் குடியேறியபின் தம் பாத்திரங்களில் முத்திரை இடுவதையே ஹமாதா விட்டுவிட்டார். ஆனால் உலகத்தின் விஷமத்தை என்ன சொல்வது! 1955இல் அரசாங்கம் அவருக்கு வாழும் தேசியப் பொக்கிஷம் என்ற அந்தஸ்தை அளித்தது. பெயரில்லாத அவருடைய பாத்திரங்களை இன்றைக்குச் சாமானியர் கண்ணாடிக்கு இப்புறம் நின்றுதான் பார்க்க முடியும். யானகியின் சித்தாந்தத்தில் எனக்கு முழுச் சம்மதமில்லை. பேர் இல்லாததனாலேயே ஒரு கோப்பை நல்லதாகிவிடாது. நான் வாங்கி ஏமாந்த இரண்டொரு மட்டமான கோப்பைகளிலும் யாருடைய பேரும் இருந்ததில்லை. ஆயினும், தினசரி உபயோகத்தினாலேயே பாத்திரம் பூரணமடைகிறது என்று அவர் சொன்னாரே, அதை என் சமையலறை ருசுப்படுத்துகிறது.

மஷிகோவில் 1966 முதல் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்பாண்டச் சந்தை கூடுகிறது. அகிஹபராவிலிருந்து நேரே பேருந்து இருக்கிறது. நூற்றுக்கணக்கான கூடாரங்களில், செய்தவர்களே தம் பாத்திரங்களை மரப்பெட்டிகளின்மேல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லைப் பொடித்துச் செய்த காவிச் சிவப்புப் பூச்சும், உமிச் சாம்பலைக் கலந்து செய்த பால்வெள்ளைப் பூச்சும் இந்த ஊரின் அடையாளங்கள். உமிச் சாம்பல் என்று கேட்டதும் எனக்குப் பல்பொடி ஞாபகம் வந்தது, சொல்லவில்லை.

ஒரு கூடாரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள், மண் படிந்த ஏப்ரனோடு நின்றவர், நான் வரிசையாகக் கோப்பைகளைக் கண்ணால் மேய்வதைப் பார்த்துவிட்டு, “வீட்டில் என்ன டீ குடிப்பீர்கள்?” என்று கேட்டார். அதுவரை எந்தக் கடையிலும் யாரும் கேட்காத கேள்வி. காலையில் சென்சா, மாலையில் ஹோஜிசா என்றேன். என் மனைவி விடாமல், ஞாயிற்றுக்கிழமையில் பாலும் சர்க்கரையும் போட்டது என்று சேர்த்தாள். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்து, நான் கையில் வைத்திருந்த வெடிப்புப் பூச்சுக் கோப்பையை மெதுவாக வாங்கித் திரும்ப வைத்தார். பாலின் வாடையை அது மறக்காதாம். “யார் கழுவுவது?” என்பது அடுத்த கேள்வி. “நான்தான்” என்றேன். “எப்போலேருந்து?” என்று என் மனைவி தமிழில் கேட்டாள்.

அதன் பிறகு அவர் கற்பித்த முறையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முதலில், எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்; மோதிரத்தைக் கழற்றிவிட்டு, மேஜைக்கு மேலேயே தாழ்வாக, இரண்டு கையாலும் எடுக்க வேண்டும். எடுக்கும் முன்பே கண் ஒரு பாரத்தை உத்தேசித்து வைத்திருக்கும். எடுத்தபின் கோப்பை அந்த உத்தேசத்தைவிடச் சிறிது லேசாக இருந்தால் சக்கரத்தில் சுவரை ஒழுங்காக எழுப்பி, அடியையும் நன்றாகச் சீவியிருக்கிறார்கள் என்று பொருள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இடது உள்ளங்கையில் உட்கார வைக்க வேண்டும். அடியில் உள்ள வளையத்துக்குக் கோதாய் என்று பெயர். தேநீர் நிறைந்த கோப்பையில் சூடு தாக்காமல் விரல் நிற்க இடம் தருவது அந்த வளையமே, ஆகவே அது விரல் நுழையும் அளவுக்காவது உயர்ந்திருக்க வேண்டும். அதை மணிக்கட்டில் இழைத்துப் பாருங்கள். கீறினால் உங்கள் மேஜையையும் கீறும். விளிம்பை உதட்டில் வைத்துப் பார்ப்பது மரியாதையாகாது. கட்டைவிரலின் பக்கவாட்டுச் சதையை அதன்மேல் ஓடவிட்டால் உதடு அறியப்போவதை அதுவே சொல்லிவிடும். உள்ளே அடிமட்டத்தில் வெளிச்சம் விழும்படி சாய்த்து, கடைசி வாய் வந்து தேங்க ஒரு மெல்லிய குழிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே நிறத்தைப் பார்க்கலாம்.

கண்ணை மூடிக்கொண்டு பதினைந்து கோப்பைகளை எடுத்தேன். பன்னிரண்டாவதாக வந்ததை, கண்ணைத் திறந்து பார்த்திருந்தால், நானாகக் கையால் தொட்டே இருக்க மாட்டேன்: காவிச் சிவப்பில், ஒரு பக்கம் பூச்சு ஓடிப்போய்த் தடித்து நின்றது, செய்தவரின் மூன்று விரல் நுனிகள், பூச்சில் முக்குவதற்காக அடியைப் பிடித்திருந்த இடத்தில், மூன்று வெற்றுப் பொட்டுகளாகப் பதிந்திருந்தன. அந்தப் பொட்டுகளின்மேல் என் விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. விலை 2,800 யென். என் மனைவியும் தனக்கொன்று எடுத்தாள். அளவில் என்னுடையதைவிடப் பெரியது என்று சொல்லவும் வேண்டுமோ?

வீட்டுக்கு வந்து இம்முறை கழுநீரில் காய்ச்சினோம். தேநீர் ஊற்றுமுன் ஒரு தடவை பச்சைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் கறை விரைவில் ஏறாது. கழுவியபின் கோப்பையைத் திறந்தவெளியில் இரவு முழுதும் உலரவிட வேண்டும். மறு வருஷம் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. உருஷி மரத்துப் பாலால் ஒட்டிப் பொன்தூள் தூவும் கிந்த்சுகி முறைக்குக் கோப்பையின் விலையைவிட அதிகம் கேட்டார்கள். ஆகவே, வெட்டுக்காயம் படாதபடி உப்புக் காகிதத்தால் தேய்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை எனக்கு எதிர்ப்புறமாகப் பிடித்துக்கொள்கிறேன்.

உட்புறத்தில் மூன்று வருஷத்துத் தேநீர்க் கறை ஏறி, அடிக்குழிவில் கருப்பட்டி நிறமாகத் திரண்டிருந்தது. விருந்தினர்களிடம் கோப்பையைச் சாய்த்துக் காட்டி, இது அழுக்கல்ல, காலத்தின் பூச்சு என்று வியாக்கியானம் செய்துகொண்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமை, நான் அலுவலகம் போயிருந்த சமயத்தில், என் மனைவி சமையல் சோடாவைப் போட்டுத் தேய்த்து, அதைப் பளிச்சென்று கழுவி வைத்துவிட்டாள்.